பெருந்தொற்றும் செயற்கை நுண்ணறிவும்: ஒரு குடும்பம் எந்த வழியைத் தேர்ந்துகொள்வது?

2023 மே 30 அன்று ஒரே வாக்கியத்தாலான அறிக்கை ஒன்று வெளியானது. செயற்கை நுண்ணறிவால் மனித இனமே அழிந்துபோகக்கூடிய அபாயத்தைக் குறைக்கும் பணிக்கு, பெருந்தொற்று, அணு ஆயுதப் போர் ஆகியவற்றுக்குக் கொடுக்கும் அதே முதன்மையை உலகம் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஜெஃப்ரி ஹிண்டன், யோஷுவா பெஞ்சியோ போன்ற அத்துறையின் முன்னோடிகள் அதில் கையெழுத்திட்டிருந்தார்கள். அந்தத் தொழில்நுட்பத்தை உருவாக்கி விற்கும் நிறுவனங்களின் தலைவர்களான சாம் ஆல்ட்மன், டெமிஸ் ஹசாபிஸ், டாரியோ அமோடெய் ஆகியோரும் கையெழுத்திட்டிருந்தார்கள். கோவையில் கணினிப் பொறியியல் படித்துக்கொண்டிருந்த என் மகள் அதைத் தொலைபேசியில் எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, "செய்றவங்களே பயமா இருக்குன்னு சொல்றாங்க. நாம என்னம்மா செய்யணும்?" என்று கேட்டாள். தென்காசிப் பக்கம் ஓர் ஊராட்சியில் குடியிருந்து, அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் கற்பிக்கும் எனக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை.

கேள்வியை நாங்கள் விட்டுவிடவில்லை. எங்கள் கையில் இருப்பது மாதம் இரண்டாயிரம் ரூபாய், ஞாயிறு பிற்பகலில் மூன்று மணி நேரம், அதற்கு மேல் அவரவர் தொழில். இவ்வளவை வைத்துக்கொண்டு என்னென்ன செய்யலாம் என்று பார்த்தபோது ஆறு வழிகள் தெரிந்தன: கண்டுகொள்ளாமல் இருப்பது, வீட்டைத் தயார்செய்து வைப்பது, அந்தத் தொழில்நுட்பத்தைத் தொடாமல் விலகி நிற்பது, பணம் கொடுப்பது, பொதுவில் குரல் எழுப்புவது, செய்யும் தொழிலையே அதற்குப் பயன்படுத்துவது. இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டோம். நான் செய்வதால் எனக்கு வரும் ஆபத்து மட்டும் குறைகிறதா, அடுத்தவருக்கு வருவதும் சேர்ந்து குறைகிறதா? அஞ்சியது நேராமலே போனால் எனக்கு என்ன நட்டம்? சலிக்காமல் ஐந்து ஆண்டுகள் இதைத் தொடர முடியுமா? இந்த ஒப்பீட்டில் நாங்கள் எதிர்பாராத ஒன்று வெளிப்பட்டது. பெருந்தொற்றுக்கு மிகப் பொருத்தமாக அமையும் வழி, செயற்கை நுண்ணறிவுக்கு ஏறத்தாழப் பயனற்றதாகிவிடுகிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் அறிக்கைகளைப் படிக்கும் ஒருவர், இரண்டுக்கும் ஒரே விதமாகத் தயாராகலாம் என்று எண்ணிவிடக் கூடாது.

கண்டுகொள்ளாமல் இருப்பது

இந்த வழியை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. நூறு நாள் வேலைக்குப் போய், மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கி, பிள்ளையின் கட்டணத்தைக் கட்டும் ஒரு பெண்ணிடம் போய் உலக அபாயங்களைப் பற்றி யோசி என்று சொல்வது அநியாயம். அவருடைய கவனம் ஏற்கெனவே முழுவதும் செலவாகிவிட்டது. தவிரவும், ஓய்வில்லாமல் கைப்பேசியில் அழிவுச் செய்திகளைப் படித்துத் தூக்கம் கெடுவதைக் காட்டிலும் ஒன்றும் அறியாமல் நிம்மதியாகத் தூங்குவது மேல் என்றுகூடச் சொல்வேன். அப்படிப் படித்துக்கொண்டே இருப்பவருக்கு உடல்நலமும் போகிறது, உலகத்துக்கும் அதனால் ஒரு நன்மையும் இல்லை.

ஆனாலும் இந்த வழியில் ஒரு பெரிய குறை இருக்கிறது. முன்கூட்டி ஒன்றும் செய்யாதவர், ஆபத்து வாசலுக்கு வந்த பிறகும் சும்மா இருப்பதில்லை. அப்போது அவர் பதற்றத்தில் எதையாவது செய்கிறார், அது பெரும்பாலும் தவறாகிவிடுகிறது. 2021 ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும் சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில் ரெம்டெசிவிர் வாங்க மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். பல மாவட்டங்களிலிருந்து வந்து, கள்ளச்சந்தையில் பல மடங்கு விலை கொடுத்தும் வாங்கினார்கள். அந்த மருந்து இறப்பைக் குறைப்பதாகச் சான்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது. செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாக 2020 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வு உறுதிசெய்த டெக்சாமெத்தசோன், எந்த ஊர் மருந்துக் கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பழைய மருந்து. வரிசையில் நின்றவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அவர்கள் தங்கள் உறவுகளைக் காப்பாற்ற ஓடினார்கள். அமைதியான காலத்தில் யாரும் அவர்களுக்கு எதை நம்புவது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. விலங்கியல் ஆசிரியையான நானும் அந்த ‘யாரும்’ என்பதில் அடங்குவேன் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

அதற்கு ஓராண்டுக்கு முன், 2020 ஏப்ரலில், கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. இறந்த உடலிலிருந்து ஊருக்கே தொற்று பரவிவிடும் என்று அவர்கள் உண்மையிலேயே நம்பினார்கள். அச்சம் அவர்களிடம் நிறைய இருந்தது, அறிவு வந்து சேரவில்லை. கண்டுகொள்ளாமல் இருக்கும் வழியின் விலையை நான் கணக்கிடும்போது இந்த இரண்டு நிகழ்வுகளையும் சேர்த்தே கணக்கிடுகிறேன்.

வீட்டைத் தயார்செய்வது

பெருந்தொற்றைப் பொறுத்தவரை இந்த வழிக்கு ஓர் அரிய குணம் உண்டு. தன்னைக் காத்துக்கொள்பவர் அதே செயலால் பிறரையும் காக்கிறார். நான் தொற்றிலிருந்து தப்பினால், என்னிடமிருந்து தொடங்கியிருக்கக்கூடிய சங்கிலி முழுவதும் அறுந்துபோகிறது. நல்ல முகக்கவசம், தடுப்பூசி, திறந்த சன்னல், நோயுற்றபோது வீட்டில் இருந்துவிடுவது ஆகிய நான்கும் அப்படிப்பட்டவை. தன்னலத்துக்கும் பொதுநலத்துக்கும் இடையில் இழுபறி இல்லாத ஆபத்துகள் உலகில் அதிகம் இல்லை.

செலவும் சிறியதுதான். ஓர் ஆக்சிமீட்டர், அதற்கு மாற்று பேட்டரிகள், வெப்பமானி, முப்பது என்-95 முகக்கவசங்கள், பாராசிட்டமால், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், வீட்டில் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளில் ஒரு மாத இருப்பு, இரண்டு வாரத்துக்கான அரிசி பருப்பு. முகக்கவசத்தின் நாடா நாளாக ஆகத் தளர்ந்துவிடும் என்பதால் உறையில் போட்டிருக்கும் தேதியைப் பார்த்து மாற்ற வேண்டும். பெருந்தொற்று வராமலே போனாலும் வீணாவது அநேகமாக முகக்கவசம் மட்டுமே. அதையும் காசநோய் மருத்துவமனைக்குப் போகும்போதோ, வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வரும்போதோ பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஆக்சிமீட்டரைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 2021 மே மாதத்தில் எங்கள் தெருவில் ஒரே ஒரு கருவிதான் இருந்தது. அது எங்களுடையது, காலையும் மாலையும் வீடு வீடாகப் போய் வந்தது. நான்காவது வீட்டுப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார், மூச்சுத் திணறலும் இல்லை. விரலில் மாட்டிப் பார்த்தபோது 86 காட்டியது. கருவி பழுதோ என்று என் விரலில் மாட்டினால் 98. 94-க்குக் கீழே இறங்கினால் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது அன்றைய வழிகாட்டுதல். அன்றே கொண்டுபோனதால் அவர் பிழைத்தார். திணறல் தெரியாமலே ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவது அந்த நோயின் தனித்தன்மை, கண்ணால் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஓராண்டு முன்னதாக, தட்டுப்பாடு இல்லாத நாளில், வாங்கி வைத்திருந்த பொருள் ஒரு தெருவுக்கே பயன்பட்டது. பற்றாக்குறை தொடங்கிய பிறகு வாங்கினால் அதே செயல் பதுக்கலாகிவிடும். எனவே இந்த வழியில் எதை வாங்குவது என்பதற்கு நிகராக, எப்போது வாங்குவது என்பதும் முக்கியம்.

இன்னொன்று, தயார்நிலை என்பது பொருளாக மட்டும் இருந்தால் போதாது. நோய் எந்த வழியாகப் பரவுகிறது என்ற அறிவு தவறாக இருந்தால் பொருள் எல்லாம் வீண். 2020 ஏப்ரலில் திருப்பூர்ச் சந்தையில் கிருமிநாசினிச் சுரங்கப்பாதை ஒன்றை நல்லெண்ணத்தோடு அமைத்தார்கள், வேறு ஊர்களும் அதைப் பின்பற்றின. மனிதர்கள் மீது கிருமிநாசினியைத் தெளிப்பதால் பயனில்லை, தீங்குதான் என்று மத்திய சுகாதார அமைச்சகம் அதே மாதத்தில் அறிவுறுத்தியது. காய்கறியை மஞ்சள்நீரில் ஊறப்போட்டு, கதவு சன்னல்களை இறுகச் சாத்திக்கொண்டு எத்தனையோ குடும்பங்கள் ஒரே அறைக்குள் அடைந்திருந்தோம். நுண்துளிகள் காற்றில் 10 மீட்டர் தூரம்வரை போகக்கூடும், சன்னலைத் திறந்து வையுங்கள் என்று மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் சொன்னது 2021 மே மாதத்தில். பைசா செலவில்லாத பாதுகாப்பு அது, இரண்டாம் அலை உச்சத்தைத் தொட்ட பிறகு நமக்கு வந்து சேர்ந்தது.

இனி இதே வழியைச் செயற்கை நுண்ணறிவுக்குப் பொருத்திப் பார்ப்போம். வீட்டளவில் செய்யக்கூடியது மோசடித் தடுப்புதான். 2018-ல் மறைந்த கலைஞர் கருணாநிதி 2024 ஜனவரியில் ஒரு விழாத் திரையில் தோன்றிப் பேசினார். அது செயற்கை நுண்ணறிவால் உருவாக்கியது என்று அறிந்தே மக்கள் பார்த்தார்கள். அறியாமல் பார்ப்பவருக்கு என்ன நேரும் என்பதற்கு, ஏறத்தாழ அதே நாட்களில் ஹாங்காங்கில் நடந்த சம்பவம் சான்று. அரூப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் காணொளிக் கூட்டத்தில் கலந்துகொண்டார், அதில் அவரைத் தவிர மற்ற அனைவரும் போலி உருவங்கள். அவர்கள் சொன்னதை நம்பி அவர் அனுப்பியது 20 கோடி ஹாங்காங் டாலர். ஆகவே எங்கள் வீட்டில் ஒரு சங்கேதச் சொல் வைத்திருக்கிறோம். பணம் கேட்டு யார் குரலில் அழைப்பு வந்தாலும் அந்தச் சொல்லைக் கேட்போம், அல்லது துண்டித்துவிட்டு எங்களிடம் இருக்கும் எண்ணுக்கு நாங்களே அழைப்போம். காவல்துறையினர் என்று சொல்லிக் காணொளி அழைப்பில் மிரட்டுபவர்கள் சொல்லும் ‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று சட்டத்தில் இல்லவே இல்லை என்பதையும், ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும் என்பதையும் என் மாமியாருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ஒரு மாலைப்பொழுது போதும், இதைச் செய்யாமல் இருப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

ஆனால் இதனால் குறைந்தது எங்கள் வீட்டுக்கு வரும் ஆபத்து மட்டுமே. மோசடிக்காரர் அடுத்த எண்ணை அழைப்பார். 2023-ஆம் ஆண்டு அறிக்கை அஞ்சிய பெரிய ஆபத்து, அதாவது மனிதரின் கட்டுப்பாட்டுக்குள் அடங்காத அமைப்புகளை ஒருவரையொருவர் முந்தும் ஓட்டத்தில் நிறுவனங்களும் அரசுகளும் உருவாக்கிவிடக்கூடும் என்பது, எந்த வீட்டு அலமாரியாலும் சங்கேதச் சொல்லாலும் தடுக்கக்கூடியதன்று. அங்கே சங்கிலி என் வீட்டு வழியாகப் போகவில்லை. இரண்டு ஆபத்துகளுக்கும் இடையில் நான் கண்ட அடிப்படை வேறுபாடு இதுதான்.

விலகி நிற்பது

என் சக ஆசிரியர் ஒருவர் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைத் தொடுவதே இல்லை என்று உறுதி எடுத்திருக்கிறார். அவரை மதிக்கிறேன். நுகர்வோர் ஒதுக்கியதால் ஒரு தொழில் தளர்ந்ததற்கு வரலாற்றில் சான்றும் உண்டு. குளோரோஃபுளோரோகார்பன்கள் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்று மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974-ல் எழுதிய பிறகு, 1978-ல் தடை வருவதற்கு முன்பே அமெரிக்க மக்கள் அந்த வாயு அடைத்த தெளிப்பான்களை வாங்குவதைப் பெருமளவு குறைத்துவிட்டார்கள். 1987-ல் அந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்ததில் அதற்கும் பங்குண்டு. ஆனால் அங்கே வேறு வகைத் தெளிப்பான் அதே கடையில் இருந்தது, ஒதுக்குபவர் பெரிதாக எதையும் இழக்கவில்லை. செயற்கை நுண்ணறிவை வாங்குபவர்களோ வங்கிகள், மென்பொருள் நிறுவனங்கள், இராணுவங்கள். ஓர் ஆசிரியர் தொடாமலிருப்பதால் அந்தக் கணக்கில் மாற்றம் வராது. அவருடைய மாணவர்கள் மட்டும், அந்தக் கருவி எங்கே பொய் சொல்லும் என்று காட்டித்தர ஆளில்லாமல் நிற்பார்கள். குழந்தைகளின் படங்கள், நோயாளிகளின் குறிப்புகள் ஆகியவற்றை அதில் பதிவேற்றாமல் இருப்பது வேறு. அந்த மறுப்பு தேவையானது, எங்கள் வீட்டில் அதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறோம்.

பணம் கொடுப்பது

2021 மே மாதத்தில் தமிழ்நாட்டு முதலமைச்சரின் நிவாரண நிதிக்கு மதுரைச் சிறுவன் ஒருவன் மிதிவண்டி வாங்கச் சேர்த்து வைத்திருந்த உண்டியல் பணத்தை அனுப்பினான். அந்தச் செய்தியைப் படித்துக் கண்கலங்காதவர் குறைவு. நெருக்கடியின் நடுவே நம் மக்கள் கொடுத்துவிடுகிறார்கள், அதில் குறை இல்லை. நெருக்கடி ஓய்ந்தபின் கொடுப்பது நின்றுவிடுகிறது. நோய்க் கண்காணிப்பு, ஆய்வகப் பயிற்சி, தடுப்பூசி ஆராய்ச்சி போன்ற வேலைகளுக்கு ஆண்டுதோறும் சீராகப் பணம் வேண்டும், ஆனால் அவற்றுக்குக் கொடுக்கச் சொல்லி எந்தப் புகைப்படமும் கேட்காது. மாதம் ஐந்நூறு ரூபாயை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கொடுப்பவர், பேரிடரின்போது ஒருமுறை முப்பதாயிரம் கொடுப்பவரைவிட இந்த வேலைக்குப் பயன்படுகிறார் என்பது என் கருத்து.

செயற்கை நுண்ணறிவின் பாதுகாப்புக்கென்று நடக்கும் ஆராய்ச்சிக்குப் பெரும்பாலும் மேலைநாட்டுப் பெரிய அறக்கட்டளைகளே பணம் தருகின்றன. நம் இரண்டாயிரம் ரூபாய் அங்கே கடலில் கரைத்த பெருங்காயம். இந்தியாவில் இணைய உரிமைகளுக்காக, இண்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷனைப் போல, குடிமக்களின் நன்கொடையில் இயங்கும் அமைப்புகள் உண்டு, அவற்றுக்குச் சிறிய தொகையும் பொருட்டானது. புதிய வருமான வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு நன்கொடைக்கான 80ஜி வரிக் கழிவு கிடையாது என்பதைக் கொடுக்குமுன் தெரிந்துகொள்வது நல்லது.

குரல் எழுப்புவது

இதில் எளிதானது, ஒரு விண்ணப்பத்தில் பெயரைச் சேர்ப்பது. அதனால் எவ்வளவு நடக்கும் என்பதற்கு 2023 மார்ச் மாதத்துத் திறந்த மடல் உதாரணம். பெரிய செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்கு, அதாவது அந்தக் கருவிகளை இயக்கும் மென்பொருள்களுக்கு, பயிற்சி அளிப்பதை ஆறு மாதங்களுக்கு நிறுத்துங்கள் என்று கேட்ட அதில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். ஒரு நிறுவனமும் நிறுத்தவில்லை. இதைக் காட்டிக் குரலால் பயனில்லை என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். நான் அந்த முடிவுக்கு வரவில்லை. அந்த மடல் யாரிடம் கேட்டதோ அவர்களுக்கு அதை ஏற்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. கட்டாயம் உள்ள இடத்தில், உரிய நேரத்தில், துல்லியமாகப் பேசிய குரல்கள் பலித்திருக்கின்றன.

முதல் சான்று பெருந்தொற்றிலிருந்து. கோவிட் காற்றின் வழியாகப் பரவுவதன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 28 அன்று திட்டவட்டமாகப் பதிவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் லிடியா மொராவ்ஸ்காவும் டொனால்டு மில்ட்டனும் எழுதிய திறந்த மடலை 239 அறிவியலாளர்கள் ஆதரித்தார்கள். காற்றுவழிப் பரவலைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் கோரிக்கை, அதற்கான சான்றுகளும் உடன் இருந்தன. நிறுவனம் சிறிது சிறிதாகத்தான் இறங்கி வந்தது. ஆனாலும் நாம் இன்று சன்னலைத் திறந்து வைக்கிறோம் என்றால் அதில் அந்த மடலுக்குப் பங்கிருக்கிறது.

இரண்டாவது சான்று நம் நாட்டிலிருந்து, அது எனக்குக் கவலையையும் தருகிறது. 2024 மார்ச் 1 அன்று மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது. போதிய சோதனைக்கு உட்படாத செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை மக்களிடம் கொண்டுபோகுமுன் அரசின் அனுமதி பெற வேண்டும் என்றது அது. தொழில் முனைவோரிடமிருந்து பலத்த எதிர்ப்பு எழுந்தது. மார்ச் 15 அன்று, பதினைந்தே நாளில், அனுமதி நிபந்தனை இல்லாத புதிய அறிவுறுத்தல் வந்தது. அந்த நிபந்தனை சரியா தவறா என்பதில் இரு கருத்து இருக்கலாம், எனக்கே அதன் வடிவம் அவசரமாகப் பட்டது. நான் கவனித்தது வேறு. அந்தப் பதினைந்து நாட்களில் அமைச்சகத்தின் காதில் விழுந்த குரல்களில் ஆசிரியர்களின் குரல், பெற்றோரின் குரல், செவிலியர்களின் குரல் எவ்வளவு இருந்திருக்கும்? செயற்கையாக உருவாக்கும் படங்களுக்கும் காணொளிகளுக்கும் அடையாளக் குறி இட வேண்டும் என்ற வரைவு விதிகளை அதே அமைச்சகம் 2025 அக்டோபரில் வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்டது. அப்படிக் கேட்கும்போது ஒரு பக்கம் எழுதி அனுப்புவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். முப்பதாயிரத்தில் ஒருவராகக் கையெழுத்திடுவதைவிட, கேட்டவருக்குத் தன் பள்ளி அனுபவத்தை எழுதி அனுப்புவது எடை கூடியது.

குரலுக்குப் பொறுமை வேண்டும் என்பதையும் மறைக்கக் கூடாது. கலிஃபோர்னியாவில் சட்டமன்றம் நிறைவேற்றிய எஸ்பி 1047 என்ற செயற்கை நுண்ணறிவுப் பாதுகாப்புச் சட்டமுன்வரைவை 2024 செப்டம்பரில் ஆளுநர் நிராகரித்தார். ஓராண்டு கழித்து, 2025 செப்டம்பரில், அதைவிட மென்மையான எஸ்பி 53 என்ற சட்டத்தில் அவரே கையெழுத்திட்டார். உலக சுகாதார மாநாடு பெருந்தொற்று உடன்படிக்கையை 2025 மே 20 அன்று ஏற்றுக்கொண்டபோது, கொரோனா தொடங்கி ஐந்து ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன.

நம் ஊரளவில் குரலுக்கு இன்னும் நெருக்கமான வாய்ப்பு இருக்கிறது, அதை நாம் பயன்படுத்துவதே இல்லை. சென்னை மாகாணத்தில் 1939-லேயே பொது சுகாதாரச் சட்டம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேள்வி கேட்கலாம், முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கொரோனாக் காலத்தில் நாடெங்கும் அரசு மருத்துவமனைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆக்சிஜன் உற்பத்தி அமைப்புகளை நிறுவினார்கள். எங்கள் வட்டார மருத்துவமனையில் உள்ளது கடைசியாக எந்தத் தேதியில் பராமரிப்பு செய்யப்பட்டது, அதை இயக்கப் பயிற்சி பெற்றவர் எத்தனை பேர் என்று கேட்டு ஒரு மனு எழுதினேன். இருபத்தேழாம் நாள் பதில் வந்தது. கேள்வி கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்று தெரிந்த இடத்தில் இயந்திரம் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கையில்தான் ஆண்டுக்கு இருமுறை அந்த மனுவை எழுதுகிறேன்.

தொழிலைப் பயன்படுத்துவது

1985-ஆம் ஆண்டு இறுதியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுகலை மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலாவிடம், அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன் ஆய்வேட்டுக்காக ஒரு தலைப்பைச் சொன்னார். எய்ட்ஸ் இந்தியாவில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். அது மேலைநாட்டு நோய், நமக்கு வராது என்றே அன்று பலரும் நம்பினார்கள், பேராசிரியரின் யோசனையை ஏற்க நிர்மலாவுக்கே தயக்கம் இருந்தது. வசதியான ஆய்வகம் இல்லை. அரசுக் காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரிகள் எடுத்து, வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் காத்து, கணவரின் துணையோடு வேலூர் சிஎம்சி ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. இருந்தது. 1986 மே மாதத்தில் தமிழ்நாட்டுச் சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டமன்றத்தில் அதை அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது அப்படித்தான். ரத்தப் பரிசோதனையும் விழிப்புணர்வுப் பணியும் அதன் பிறகே தொடங்கின. சுனிதி சாலமன் 1993-ல் ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பைத் தொடங்கித் தம் வாழ்நாள் முழுவதையும் அந்த நோயாளிகளுக்கே கொடுத்தார்.

இதில் என்னைத் தொடுவது, இருவரும் புதிய தொழில் ஒன்றுக்குப் போகவில்லை என்பதே. செய்துகொண்டிருந்த வேலைக்குள்ளேயே, மற்றவர் பார்க்க விரும்பாத திசையில் பார்த்தார்கள். ஆறு வழிகளிலும் பலன் மிகுதியாகக் கிடைக்கக்கூடியது இதுவே. செலவும் இதில்தான் மிகுதி, எல்லோருக்கும் இது வாய்ப்பதுமில்லை. 2024-ல், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்திலிருந்து விலகிய டேனியல் கொகொட்டாஜ்லோ, நிறுவனத்தைக் குறை சொல்லமாட்டேன் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்ததால் பெரும் பங்குத்தொகையை இழக்கவும் துணிந்தார். குடும்பத்தின் முதல் பட்டதாரிகளான என் மாணவர்களிடம் அப்படிச் செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. வீட்டுக் கடன் அடைவதற்கு முன் வேலையை விட்டுவிட்டு உலகைக் காக்கப் போ என்று எந்தப் பிள்ளையிடமும் நான் சொல்லமாட்டேன்.

வேலையை விடாமல் செய்யக்கூடியது நம் மொழியிலேயே இருக்கிறது. 2023-ல் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலத்தில் கேட்டால் ஓப்பன்ஏஐயின் ஜிபிடி-4 மாதிரி மறுத்துவிடும் தீங்கான கேள்விகளை ஜூலு, ஸ்காட்ஸ் கேலிக் போன்ற, இணையத்தில் எழுத்து குறைந்த மொழிகளில் மாற்றிக் கேட்டார்கள். அத்தகைய மொழிகளை மாற்றி மாற்றி முயன்றபோது 79 விழுக்காடு கேள்விகளில் பாதுகாப்பு வேலி உடைந்தது. ஆங்கிலத்தில் கட்டிய வேலி பிற மொழிகளின் பக்கம் தாழ்ந்திருக்கிறது. தமிழ்ப் பக்கம் அது எவ்வளவு உயரம் என்று பார்க்கத் தமிழ் தெரிந்தவர்கள்தான் வேண்டும், கலிஃபோர்னியாவில் இருப்பவர்களால் அதைச் செய்ய முடியாது. குழந்தைக்கு எத்தனை மில்லி மருந்து என்று ஒரு தாய் வட்டார வழக்கில் கேட்டால் அந்தக் கருவி என்ன சொல்கிறது? தற்கொலை எண்ணத்தை நேரடியாகச் சொல்லாமல், "இனி இருந்து என்ன ஆகப்போகுது" என்று ஒருவர் தட்டச்சு செய்தால் அது புரிந்துகொள்கிறதா?

எங்கள் முடிவு

என் மகள் படிப்பை முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சாதாரணச் சோதனைப் பணியில் இருக்கிறாள். ஞாயிறு மூன்று மணி நேரத்தை அவள் மேற்சொன்ன கேள்விகளுக்குக் கொடுத்திருக்கிறாள். தோழிகள் மூவரோடு நெல்லை, கோவை, சென்னை வழக்குகளில் 120 கேள்விகளைத் தொகுத்து, அரையாண்டுக்கு ஒருமுறை வெவ்வேறு கருவிகளிடம் கேட்டு, தவறான பதில்களை அந்தந்த நிறுவனங்களுக்கு எழுதுகிறார்கள். பதில் வருவதும் உண்டு, வராததும் உண்டு. இதே வேலையை முழுநேரமாகச் செய்ய வாய்ப்பு வந்தால், சம்பளம் சற்றுக் குறைந்தாலும் போகலாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அந்தக் குறைவு எவ்வளவு வரை என்பதில்தான் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு வரவில்லை.

நான் பெருந்தொற்றை எடுத்துக்கொண்டேன். என் அறிவும் வயதும் ஊரும் அதற்குத்தான் பொருந்துகின்றன. இரண்டாயிரத்தில் ஐந்நூறு அலமாரிக்கு, ஐந்நூறு மகள் சொன்ன இணைய உரிமை அமைப்புக்கு, ஆயிரம் காசநோயாளிகளின் சத்துணவுக்கு. காற்றுவழியே பரவும் ஒரு நோயை ஊருக்குள் இன்றே குறைக்கும் செலவு அது, இனி வரப்போகும் தொற்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வகுப்பில் நோய்த்தடுப்புப் பாடத்தோடு, ரெம்டெசிவிர் வரிசையையும் டெக்சாமெத்தசோன் ஆய்வையும் அருகருகே வைத்து, எந்தச் சான்றை நம்புவது, ஏன் நம்புவது என்று இரண்டு பிரிவேளைகள் நடத்துகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் இந்த ஆண்டு ஐம்பத்து மூன்று பேர். வகுப்பறையின் தெற்குச் சன்னலில் ஒரு கதவு திறக்காமல் இறுகியிருந்தது, ஆசாரியை வரச்சொல்லிச் சரிசெய்தாயிற்று. நவம்பர் 1 கிராம சபையில் துணை சுகாதார நிலையத்தின் சன்னல்களைப் பற்றிக் கேட்கப் போகிறேன்.